அப்பாவின் மூன்று மணி

எங்கள் பங்குக் கோயிலில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும், அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்துப் பீடத்தின் மேல் நிறுத்துவார்கள். மாலை ஆறு மணிக்கு ஆசீர் கொடுத்து மறுபடி பேழைக்குள் வைக்கும்வரை அது அங்கேயே இருக்கும். அந்த அப்பத்தில் இயேசு உண்மையாகவே இருக்கிறார் என்பது எங்கள் விசுவாசம். அதனால் ஒரு விதி உண்டு. ஆண்டவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. யாராவது ஒருவர் முன்னால் இருக்க வேண்டும். அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் முன்னவர் எழலாம்.

அந்த ஒருவர் யார் என்ற பட்டியலைப் போடுவது என் வேலை. நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். ஒரு பனியன் கம்பெனியின் ஆய்வகத்தில் துணியின் எடை, துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பதையெல்லாம் சோதித்துக் கட்டம் கட்டமாக எழுதுகிறேன். பங்குப் பேரவையில் யாரோ, "கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ள, அதுகிட்டக் குடுத்துருங்க" என்று சொல்ல, பட்டியல் என்னிடம் வந்தது. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை பதினொரு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அன்பியம், அதாவது நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்த ஜெபக்குழு. அதற்குக் கீழே பொறுப்பாளராக ஒரு பெயர். வேலை நாளின் பகலில் ஆள் பிடிப்பது திருப்பூரில் லேசான காரியம் இல்லை. சரக்கு ஏற்றும் வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் மோசம்.

மூன்று மணிக்கு மட்டும் நான் ஆள் தேடியதே இல்லை. அது அப்பாவின் கட்டம்.

அப்பா அயர்ன் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் இங்கே வந்தவர். அன்றிலிருந்து நீராவி இஸ்திரிப் பெட்டியும் கையுமாக, தினமும் பத்து மணி நேரம் நின்றபடியே வேலை. முதல் வெள்ளிக்கிழமைகளில் காலையில் வேலைக்கு இரண்டு மணி நேரம் முன்கூட்டியே போய்விடுவார். மதியம் இரண்டரைக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிடுவார். வந்து பெரும்பாலும் தூங்குவார்.

"அங்க போயி என்னதான்பா வேண்டுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நாள் பூரா நின்னுக்கிட்டே கெடக்கேன். அங்க போனா உக்காரலாம். அவரும் சும்மா உக்காந்துருக்காரு, நானும் சும்மா உக்காந்துருக்கேன்."

"சும்மா உக்காரல. தூங்குறீங்க. குறட்டை மைக்ல கேக்குதாம்."

"மைக்க ஆஃப் பண்ணிதான் வச்சிருப்பாவ. எவன் சொன்னான்?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "ஊரே சொல்லுது. ஆண்டவருக்கு முழிக்கிற வேல, இவுகளுக்குத் தூங்குற வேல."

அம்மாவுக்கு இந்த ஆராதனை ஒத்துவராது. ஜெபமாலை என்றால் கையில் மணி உருளும், வாயில் வார்த்தை ஓடும், இன்னொரு கை குழம்பைக் கிண்டும். ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் செய்யாமல் ஒரு மணி நேரம் இருப்பது அவருக்கு நேர விரயம்.

நான் இருவருக்கும் நடுவில் இருந்தேன். என் முறைக்குச் சரியாகப் போவேன். தம்பி, அம்மாவின் சர்க்கரை, கம்பெனியில் வரவிருக்கும் தணிக்கை, கல்யாணப் பேச்சு, இறந்தவர்கள், நோயாளிகள் என்று வேண்டுதல் கருத்துகளை வரிசையாக எழுதிவைத்து ஒவ்வொன்றாக ஒப்புக்கொடுப்பேன். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நாற்பது நிமிடம் அப்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளையைப் பார்ப்பது என் தொழிலும்கூட. ஆய்வகத்து விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் வெள்ளைத் துணிகளில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சில நீலம் பூத்துக் கண்ணைக் குத்தும். இந்த அப்பத்தின் வெள்ளை குத்தாது. சாயப்பட்டறைக்கே போகாத, இன்னும் வெளுக்காத துணியின் வெள்ளை. இப்படித்தான் என் புத்தி அங்கே ஓடும். அமைதி என்று மற்றவர்கள் சொல்வது எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அதை நான் பெரிதாக எண்ணவும் இல்லை. பட்டியலில் என் கட்டம் நிரம்பியிருந்தது. அது போதும் என்றிருந்தேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அப்பாவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. கோயம்புத்தூரில் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று அப்பா எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அவருடைய அண்ணன் கொரோனா காலத்தில் ஒரு வார்டில் யாரும் பக்கத்தில் இல்லாமல் இறந்தவர். கண்ணாடிக்கு வெளியேகூட யாரையும் நிற்க விடவில்லை. அப்பா அதை அதிகம் பேசியதில்லை. அன்றுதான் பேசினார்.

"எங்கண்ணன் மாதிரி ஆளில்லாம மட்டும் போயிரக் கூடாது. யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருங்க. பேச வேண்டாம், அழ வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

"இருப்போம்பா."

"கோயில்ல மாதிரி. அடுத்த ஆளு வந்து உக்காந்தப்புறந்தான் எந்திரிக்கணும்."

நான் பட்டியல் போட்டேன். அம்மா, நான், பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்க்கும் தம்பி. மூன்று நிறத்தில் கட்டம் கட்டி, பீரோவின் பக்கவாட்டில் ஒட்டினேன். நான் பாதிநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். ஐந்து வாரம் அந்தப் பட்டியல் ஒரு கட்டம்கூடத் தவறாமல் நடந்தது. மாத்திரை, படுக்கைப் புண்ணுக்கு மருந்து, திருப்பிப் படுக்க வைக்கும் நேரம், எத்தனை கரண்டி கஞ்சி இறங்கியது என்று எல்லாமே எழுதப்பட்டன. ஆய்வக அறிக்கையைவிடச் சுத்தமாக இருந்தது. அழுவதற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. நான் அழவும் இல்லை.

இந்த நாட்களில்தான் அந்த மாதத்து ஆராதனைப் பட்டியலையும் போட்டேன். புதிதாகப் போடவில்லை. அப்பா படுப்பதற்கு முன்பு போட்ட பழைய தாள் ஒன்றைப் பிரதியெடுத்து, மேலே தேதியை மட்டும் மாற்றிக் குழுவில் அனுப்பினேன். ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, பழைய தாளின் மேல் புதிய அறிக்கை எழுதாதே என்பதைத்தான்.

அந்த முதல் வெள்ளியன்று காலை ஒன்பது மணிக்குப் பங்குச் சாமியார் நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பாவால் விழுங்க முடியவில்லை. அப்பத்தில் ஒரு துணுக்கை மட்டும் கிள்ளி, கரண்டித் தண்ணீரில் வைத்துக் கொடுத்தார். அது இறங்க நெடுநேரம் ஆனது. இறங்கிய பிறகு அப்பாவின் முகம் தெளிவாக இருந்தது. "இன்னைக்கி மொத வெள்ளியா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

மதியம் மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா எழுந்து, வலி மருந்து வாங்க மருத்துவமனைக்குக் கிளம்பினார். அந்த மருந்து அங்கே மட்டும்தான் தருவார்கள். போய்வர முக்கால் மணி நேரமாவது ஆகும். மூன்றரைக்குள் வந்துவிடப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் என் கைபேசி அடித்தது. அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு மணி முறைக்காரி, எங்கள் பங்கைச் சேர்ந்த அக்கா. இந்த ஊர்க்காரர்.

"கண்ணு, மூணு மணிக்கு ஆருங்க கண்ணு? ஆருமே வரலீங்க. நான் மூணரைக்குக் கம்பெனிக்குள்ள இருக்கோணும். செக்கிங்ல ஆள் இல்லைனு சூப்பர்வைசரு கத்துறாருங்க."

தாளைத் திறந்து பார்த்தேன். மூன்று மணிக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்தது.

"அக்கா, தப்பு என்மேலதான். இப்ப வேற ஆளப் போடுறேன். அஞ்சு நிமிஷம்."

மூன்று பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் அவினாசியில் இருந்தார். நான்காவது எண்ணைத் தேடும்போது அப்பா என் மணிக்கட்டில் கைவைத்தார். அந்தக் கையில் எடையே இல்லை.

"அது என் மணிதானே. நீ போ."

"இங்க யாரு இருப்பா?"

"தம்பியக் கூப்புடு. செத்த நேரத்துல வந்துருவான்."

"வந்ததும் போறேன்."

"அதுவரைக்கும் ஆண்டவரத் தனியா விடுவியா? ஏட்டி, போ."

தம்பியைக் கூப்பிட்டேன். பத்து நிமிடம் என்றான். பக்கத்து வீட்டு அம்மா அன்று கணியூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். அப்பா சொன்னதால் போனேன் என்று இதுவரை எழுதியது அத்தனையும் உண்மை.

கோயிலுக்குப் பத்து நிமிடம். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முழந்தாளிட்டு எழுந்து, வாசல்வரை வந்து கிசுகிசுத்தார்.

"அப்பாவுக்கு எப்டீங்க கண்ணு?"

"அப்படியே இருக்காருக்கா."

"நான் போகட்டுங்களா? அந்தா, அந்தத் தூணுக்குப் பின்னால ஒரு இந்திக்காரப் புள்ள உக்காந்திருக்குது. ஆனா லிஸ்ட்ல பேரு இல்லீங்களே. அதானுங்க உன்னையக் கூப்புட்டது."

பார்த்தேன். ஜார்க்கண்டிலிருந்து வந்து ஏதோ ஒரு மில் விடுதியில் இருக்கும் பெண், முகம் பார்த்த பழக்கம் உண்டு. இருபது வயது இருக்கும். சம்மணமிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, அசையாமல் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எந்த அன்பியத்திலும் இல்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனால் கோயிலில் ஆள் இல்லை என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். அக்காவைக் குறைசொல்ல மாட்டேன். அப்படி எண்ணுவதற்கு எங்கள் எல்லோரையும் பழக்கியது என் தாள்தான்.

ஆக, ஆண்டவர் தனியாக இல்லை. எனக்கு அது அந்தக் கணமே தெரிந்தது. திரும்பி வண்டியை எடுத்தால் பத்து நிமிடத்தில் அப்பாவிடம் இருக்கலாம். வாசலில் நின்று இதைத் தெளிவாக யோசித்தேன். பிறகு கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்து, வெளியே செருப்புப் பலகையின் மேல் பையோடு விட்டேன். கைபேசியை உள்ளே கொண்டுவராதீர்கள் என்று பட்டியலின் அடியில் எழுதுவதும் நான்தான். உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அங்கே இருந்த அந்த நேரத்தைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று என்னிடம் எந்தக் கருத்தும் இல்லை. எழுதிக்கொண்டு போகவும் இல்லை. மின்விசிறி சுற்றியது. காலையில் போட்ட சாம்பிராணியின் மிச்சம் காற்றில் இருந்தது. ஐந்து வாரமாக என் காதில் இருந்த அப்பாவின் மூச்சுச் சத்தம் இல்லை. டெட்டால் வாடை இல்லை. யாருக்கும் நான் எதையும் ஊட்ட வேண்டியதில்லை. நிமிர்ந்து அப்பத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். என்னிடமிருந்து எதையும் கேட்காத ஒருவர் முன்னால் இருக்கிறேன் என்று தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியில்லை. வெயிலில் நின்றால் வெயில் தெரிவது போல அது தெரிந்தது. முதுகு தளர்ந்தது. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. அப்பா ஆண்டாண்டாக இங்கே வந்து ஏன் தூங்கினார் என்று விளங்கியது. எத்தனையோ ஆண்டுகள் சரியாகப் போய்ச் சரியாக வந்தும் கிடைக்காத ஒன்று, அன்று கேட்காமலே கிடைத்தது. இடையில் ஒருமுறை அப்பாவின் நினைவு வந்தது. தம்பி வந்திருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். எழவில்லை. எழ எனக்கு மனமில்லை.

நான்கு மணிக்காரர் வந்து உட்கார்ந்தார். எழுந்து வெளியே வந்து பையை எடுத்தேன். தவறிய அழைப்புகள் பதினொன்று.

தம்பி பத்து நிமிடத்தில் வரவில்லை. கம்பெனி கேட்டைத் தாண்டும்போது சூப்பர்வைசர் நிறுத்தி, ஒரு பிரிண்டில் நிறம் மாறிவிட்டது, பார்த்துவிட்டுப் போ என்றிருக்கிறார். பிறகு பாலத்தடியில் நெரிசல். வீட்டுக்கு அவன் வரும்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் மருந்தோடு அம்மா வந்துவிட்டார். சாத்திய கதவைத் திறந்து உள்ளே போனபோது நாற்காலியில் யாரும் இல்லை. அப்பாவின் கை சூடாகத்தான் இருந்தது என்றார் அம்மா. எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். "ஆண்டவர் சன்னிதியில நீ இருக்கும்போதே எடுத்துக்கிட்டாரு பாத்தியா. இந்தச் சாவு யாருக்குக் கெடைக்கும்?" என்றார்கள். ஏழாம் நாள் பூசையில் சாமியார் பிரசங்கத்தில் அதையே சொன்னார். காலையில் வாங்கிய நற்கருணை அவருக்குள் இருந்தது, மகளோ அதே நற்கருணையின் முன் இருந்தாள், ஆகவே அப்பாவும் மகளும் அந்த நேரத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள் என்றார். பலர் அழுதார்கள். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் அப்பா எங்களிடம் கேட்டது ஆண்டவரை அல்ல. அவரை அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும். அப்பா கேட்டது எங்களில் ஒருவரை. தனக்கு வேண்டியிருந்த அந்த ஒருவரைத்தான் அன்று அவர் ஆண்டவருக்குக் கொடுத்தனுப்பினார்.

பங்கு மாத இதழுக்கு ஒரு சாட்சியம் எழுதித் தரச் சொன்னார்கள். நேரமில்லை என்றேன்.

தம்பிதான் உடைந்துபோனான். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் தன் நாற்பது நிமிடத்தைச் சொல்லிச் சொல்லி அழுதான். அம்மா அவனுக்குச் சோறு போட்டார், துணி துவைத்துக் கொடுத்தார், பேசவில்லை. "அம்மா, ஒரு வார்த்த திட்டிரும்மா" என்று ஒருநாள் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி கெஞ்சினான். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னிடம் அம்மா வழக்கம்போலப் பேசினார். கோயிலில் இருந்த மகள் அல்லவா.

அடுத்த முதல் வெள்ளி வந்தது. பட்டியலைப் புதிதாகப் போட்டேன். மூன்று மணிக்கு என் பெயரை எழுதினேன். அந்த அமைதி மறுபடி வருமென்று நினைத்துப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரவில்லை. மரபெஞ்சும் சுவரும்தான் இருந்தன. தூணுக்குப் பின்னால் அந்தப் பெண் இருந்தாள். நான்கு மணிக்கு இருவரும் ஒன்றாக வெளியே வந்தோம். செருப்பை மாட்டும்போது அவளே பேசினாள். நைட் ஷிப்ட் முடித்து, தூங்கி எழுந்து வருகிறாளாம். அவளுடைய ஊர்க் கோயில் இந்த மில்லைவிடப் பெரியதாம்.

"அங்கிள் ரொம்ப நாளா வரலே? தீன் பஜே வாலே அங்கிள்?"

மூன்று மணிக்காரர். எனக்குப் புரிந்தது.

"அங்கிளத் தெரியுமா உனக்கு?"

"தெரியும். அங்கிள் தூங்கும். நான் எழுப்பாது. நாலு மணிக்கு ஆள் வந்தா, நான் பெஞ்ச் தட்டும். அங்கிள் எழும்பும், என்னைப் பாத்து சிரிக்கும், போகும்." அவள் பெஞ்சைத் தட்டுவதுபோல் காற்றில் இரண்டு தட்டு தட்டிக் காட்டிச் சிரித்தாள்.

"உன் பேர லிஸ்ட்ல போடட்டுமா?"

"பேர் எதுக்கு அக்கா? நான் வரும்."

"அங்கிள் எங்கப்பாதான். போன மாசம் இறந்துட்டாரு. இதே வெள்ளிக்கிழமை, இதே நேரம்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "போன மாசம் நீ இங்கே இருந்தது. நான் பாத்தேன்."

"ஆமா."

"அப்போ அங்கிள் பக்கத்துல யார்?"

ஒரு மாதமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அவள் குற்றம்சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வண்டிச் சாவியைப் பைக்குள் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா கொடித் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தம்பி வேலையிலிருந்து வரவில்லை. எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

"அம்மா, தம்பி மேல கோவப்படாதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அன்னைக்கு நான் கோயிலுக்குப் போனப்ப அங்க ஏற்கெனவே ஒரு பிள்ள உக்காந்திருந்துச்சு. பட்டியல்ல இல்லாத பிள்ள. ஆண்டவர் தனியா இல்ல. நான் வாசல்லயே பாத்துட்டேன். உடனே திரும்பி வந்திருக்கலாம்."

அம்மாவின் கை நின்றது. "ஏன் வரல?"

பல பதில்களை யோசித்து வைத்திருந்தேன். அப்பா சொன்னது, தம்பி வருவான் என்று நம்பியது, அக்கா என்னைக் கூப்பிட்டது. எல்லாமே உண்மை. ஒன்றுகூட விடை இல்லை.

"நல்லாருந்துச்சும்மா. அங்க உக்காந்திருக்க நல்லாருந்துச்சு."

அம்மா மடித்த சேலையை மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அப்ப அங்க ரெண்டு பேரு," என்றார். "இங்க ஒருத்தரும் இல்ல."

எந்தப் பிரசங்கத்திலும் இவ்வளவு சரியான கணக்கை நான் கேட்டதில்லை. மறுநாள் காலையில் தம்பி குளித்துவிட்டு வந்தபோது, "ஈரத் தலையோட நிக்காத, துவட்டு" என்று அம்மா அவனிடம் சொன்னார். அவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அன்றிலிருந்து அம்மா அவனோடு பேசினார். என்னோடு பேச்சு குறைந்தது. எனக்கு வர வேண்டியதுதான் அது. தம்பியிடமும் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் தோளில் ஒருமுறை கைவைத்தான். அது எனக்கு அம்மாவின் மௌனத்தைவிடக் கடினமாக இருந்தது.

அதற்கடுத்த மாதம் பட்டியலில் என் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வெள்ளி மதியம் பாதிநாள் விடுப்பு இருந்தும் வீட்டிலேயே இருந்தேன். இரண்டே முக்கால் ஆனது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏட்டி, கோயிலுக்குப் போகல?"

"போகலம்மா."

"ஏன்?"

"போயி என்ன சொல்லன்னு தெரியல."

முறம் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கியது. "போ. போயிக் கேளு."

"என்ன கேக்க?"

"எதுக்கு ரெண்டு பேர அங்க வச்சிக்கிட்டாருன்னு கேளு."

போனேன். பட்டியல்படி மூன்று மணிக்கு வேறு ஒருவர் இருந்தார். தூணுக்குப் பின்னால் அவளும் இருந்தாள். நான் மூன்றாவது ஆளாகச் சுவரோரம் உட்கார்ந்தேன். அம்மா சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் அப்படியே கேட்டேன். ஒருமுறை கேட்டு முடித்ததும் மறுபடி கேட்டேன். அமைதி வரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. என்னால் அழ முடிந்தது, கோபப்பட முடிந்தது. ஒரு கட்டத்தில் அப்பத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். எழுந்து போய்விடத் தோன்றியபோதெல்லாம் எழாமல் இருந்தேன். அன்று எழாமல் இருந்தது சுகத்துக்காக. இன்று இருப்பதில் ஒரு சுகமும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போக எனக்கு வேறு இடமும் இல்லை. இதை யார்மேல் எறிந்தாலும் அவர்கள் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவர் ஒருவர்தான் ஆறுதல் சொல்லாமல், எழுந்தும் போகாமல், கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"நல்லாக் கேட்டியா?"

"ஒரு மணி நேரமும் அதத்தாம்மா கேட்டேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் செய்யாமல் ஒரு நிமிடம் உட்கார முடியாத மனுஷி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"அடுத்த மாசம் நான் வந்து கேக்கேன்."